ரயில் பெட்டியில் வரைந்த அம்மா

பதுளை, 1972 ஆகஸ்ட் 11, வெள்ளி

இன்று காலை ரயில் பெட்டியிலிருந்து ஒரு படத்தைக் கழுவினேன். பெட்டி கழுவுவதுதான் என் வேலை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

இந்தியாவுக்குக் கப்பலேறப் போகும் தேயிலைத் தோட்டத்துச் சனம் பிளாட்பாரம் நிறைய அழுதுகொண்டிருந்தது. செல்வி என்ற பெண், தான் ஏறப்போகும் பெட்டியின் வெளிப்பக்கத்தில் சுண்ணாம்பாலும் கரியாலும் தோட்டத்தில் தான் குடியிருந்த லயத்து வீட்டை வரைந்திருந்தாள். படத்து வாசலில் கொழுந்துக் கூடையோடு ஒருத்தி நின்றாள்.

"யாரும்மா இது?" என்றேன்.

"எங்கம்மாங்க. கவர்மெண்டு காயிதத்துல எனக்கு இந்தியான்னும் அவங்களுக்கு இலங்கைன்னும் எழுதிட்டாங்க. அம்மா தண்ணி எடுக்கப் போயிருக்காங்க. வந்து பாத்ததும் அழிச்சிருங்கண்ணே."

கூடைக் கயிறு நெற்றியில் அழுந்தியிருந்ததைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். அப்போது சூப்பர்வைசர் தூரத்திலிருந்து, "அரசாங்கப் பெட்டியில என்ன கிறுக்கல்? அழி!" என்று கத்தினார்.

அது கிறுக்கல் இல்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று கேட்டிருக்கலாம். திட்டியிருப்பார், அவ்வளவுதான். நான் கேட்கவில்லை. "இப்படி அசிங்கம் பண்ணி வச்சிருக்கியேம்மா" என்று அவர் காதில் விழும்படி அவளிடம் சொல்லிவிட்டு, வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன்.

தாய் செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். "என்னைய வரையிறேன்னியே, எங்கடி?"

செல்வி ஈரப் பெட்டியைப் பார்த்தாள்.

"நேரமில்லம்மா. வரையல."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாளியோடு பக்கத்தில் நின்றிருந்த நானும் வாய் திறக்கவில்லை.