மோத்தியின் இடது கண்

காஞ்சிபுரம்
11-7-1968

அன்புள்ள நபீசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மோத்தியும் ஏதோ இருக்கிறோம். ஆற்காட்டில் நீயும் உன் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உன் அண்ணன் இதைப் பிரித்துப் படித்தால் அவருக்கும் என் சலாம்.

முதலில் நீ கோபித்துக்கொண்டு போன விஷயம். நம் மோத்தி மாதிரி ஜட்காக் குதிரைக்குக் கண் போனால் விற்றுவிட வேண்டியதுதான் என்று நான் சொன்னது தப்பு. என் கண்ணு போனா என்னையும் வித்துடுவீங்களா என்று கேட்டுவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய். எனக்குப் பதில் தோன்றியபோது பஸ் வாலாஜாவைத் தாண்டியிருக்கும்.

மாட்டாஸ்பத்திரிக்குப் பட்டணத்திலிருந்து சாமுவேல் என்று ஒரு டாக்டர் வந்திருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார். அதைக் கண்ணின் மேலேயே வைக்க வேண்டுமாம். ஈ உட்கார்ந்தாலே ஊரைக் கூட்டுகிற மோத்தி அதற்கு விடுமா? மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து அளக்கலாம் என்றார். அழுத்தம் மிகவும் ஏறியிருந்தால் கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

நேற்றுக் காலை வைக்கோல் பரப்பிச் சாய்த்தார்கள். தலையை மடியில் உயர்த்திப் பிடித்துக்கொள், விட்டுவிடாதே என்று டாக்டர் என்னிடம் சொன்னார். பிடித்துக்கொண்டேன். ஆனால் மோத்தியின் மூக்கில் வைத்த மருந்தின் வாடை பாதி எனக்கும் வந்திருக்கிறது. சுவரில் சாய்ந்தபடியே நான் தூங்கிப்போனேன். மோத்தியின் தலை மடியிலிருந்து நழுவித் தரையை நோக்கித் தொங்கியிருக்கிறது. கருவியையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இதைக் கவனிக்கவில்லை.

ரொம்ப ஏறியிருக்குது, எடுத்துட வேண்டியதுதான் என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் என் மயக்கம் பறந்துவிட்டது. ஓவென்று அழுது மோத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் விரல்கூட நுழையாத இறுக்கத்தில் ஒரு கயிறு கையில் தட்டுப்பட்டது. கண் குணமாக நீ ஓதிக் கட்டிய தாயத்து!

ஏம்பா, தலையத் தொங்க விட்டு, கழுத்தையும் இறுக்கிக் கட்டினா கண்ணுல அழுத்தம் ஏறாம என்னா செய்யும் என்று டாக்டர் கத்தினார். கயிற்றை அறுத்து, தலையைத் தூக்கி வைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தார். பாதியாக இறங்கியிருந்தது. கண்ணை எடுக்க வேண்டாம், சொட்டு மருந்தே போதும் என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். மறுபடி மயக்கமோ என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

பாதித் தப்பு உன் கயிறு, பாதி என் தூக்கம். இரண்டுமே என் தப்புதான் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். தாயத்து என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. குதிரையை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். விற்பதற்கில்லை என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இடது கண்ணில் இனிமேல் நிழல்தான் தெரியுமாம். இன்று பெரிய கோயில் பக்கம் மெதுவாக நடத்திப் போனேன். இடப்பக்கம் சைக்கிள் மணி கேட்டாலே மிரளுகிறது. பழகின குரல் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தால் பயப்படாது என்று டாக்டர் சொன்னார். நான் பேசிப் பார்த்தேன். என் குரலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நீ வந்து வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்தால் போதும். நல்ல வார்த்தைதான் பேச வேண்டும் என்றில்லை. வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வா. மோத்திக்கு உன் குரல் வேண்டும். எனக்கும்தான்.

உன்
நசீருதீன்