திங்கட்கிழமைக்கான வரி

அன்பான யோகேஸ்,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன் நாற்காலியில் இப்போது பிரிண்டர் காகிதப் பெட்டி இருக்கிறது. அதை நகர்த்த எனக்கும் மனமில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை. பதுளையில் விடாத மழை.

நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசியாக நான் போனில் கேட்டது உன் லேப்டாப் பாஸ்வேர்டைத்தான். "எப்படிடா இருக்க?" என்று முதலில் கேட்டிருக்கலாம். மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாயே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

உன் புரோகிராமைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டங்களின் மழை அளவை வாங்கி, எவ்வளவு பெய்தால் மண் சரியும் என்று எல்லை சொல்கிற புரோகிராம் அது. அந்த எல்லையை வைத்துத்தான் நம் ஆய்வுகூடத்திலிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு எச்சரிக்கை போகும். அதில் ஒரு விளக்கக் குறிப்புக்கூட இல்லை. "குறிப்பு எழுதுடா" என்றால், "எல்லாருக்கும் தெரிஞ்சதையும் எழுதணுமாக்கா?" என்று சிரிப்பாய்.

நீ போனபிறகு அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். நடுவில் ஒரு வரி: திங்கட்கிழமை என்றால் அன்றைய மழையை இரண்டாகப் பிரித்து, பாதியை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடு. மழைக்குக் கிழமை ஏது? ஏதோ பரீட்சித்துப் பார்த்துவிட்டு எடுக்க மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். அழித்துவிட்டேன். புரோகிராம் சரியா என்று பார்க்கும் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. அந்தச் சோதனைகளை எழுதியதும் நான்தானே.

போன மாதம் தெமோதரையில் உன் அம்மாவின் லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. அடுப்படிச் சுவர் போய்விட்டது. பட்டப்பகல், அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்ததால் தப்பினார். பயப்படாதே, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நம் எச்சரிக்கை போகவில்லை. மழை எல்லையைத் தொடவே இல்லை.

பார்க்கப் போனேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "ஒங்க தோட்டத்துல எப்பவும் திங்கக்கெழமதான் மழை கொட்டுதும்மா, எங்க கணக்குல அப்படித்தான் காட்டுது" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம பெரட்டு இல்லியே பிள்ள. கணக்கப்புள்ள பெரட்டுக்கு வந்தாத்தானே மழை அளக்குற குடுவைத் தண்ணியப் பாத்து எழுதுவாரு? திங்கக்கெழம ரெண்டு நாளுத் தண்ணியும் சேந்துதான் கெடக்கும். இது தெரியாதா ஒனக்கு?"

தெரியாது, யோகேஸ். நான் பதுளை பஜாரில் கடை வீட்டில் வளர்ந்தவள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பெரட்டைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். உனக்கோ அது சோறு தண்ணி மாதிரி. நான் அந்த வரியை அழித்ததால் இரண்டு நாள் மழை ஒரே நாள் மழையானது. அத்தனை மழையையும் மலை ஒரே நாளில் தாங்குகிறது என்று நம்பி, புரோகிராம் எல்லையை உயர்த்திவிட்டது.

யார் எந்த வரியை மாற்றினார் என்பதை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் மறப்பதில்லை. திறந்து பார்த்தேன். எழுதியது நீ. அழித்தது நான். பக்கத்தில் நானே கொடுத்த காரணம்: "தேவையற்ற வரி."

வரியைத் திரும்பப் போட்டுவிட்டேன். மேலே நாலு வரி குறிப்பும் எழுதி, உன் பெயரையும் போட்டிருக்கிறேன். எல்லை இறங்கிவிட்டது, தோட்டங்களுக்கும் அறிவித்தாயிற்று. ஆய்வுகூடத்தில் எல்லோரிடமும் என் தப்பை ஒப்புக்கொண்டேன். உன் அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அன்று எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "எம்புள்ள செஞ்ச வேலைய நீதான் பாத்துக்கிறியாமே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எப்படிச் சொல்வேன்?

சொல்கிறேன். வருகிற ஞாயிறு போகிறேன். அன்று பெரட்டு இல்லை, அம்மா இருப்பார்.

உன் பாஸ்வேர்டை இன்னும் மாற்றாத,
பத்மினி அக்கா