எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. அதில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். வீட்டோடு சேர்ந்த கார் ஷெட் சும்மாதான் கிடக்கிறது, அதை மரவேலை அறையாக ஆக்கப் போகிறேன், முதலில் எதை வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். அதை அடுத்து, அப்பா இன்னும் தனியாக எழுந்து நடக்கவில்லையென்றால் சொல்லிவிடு, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தாய். முதல் விஷயத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இரண்டாவதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எத்தனை வருஷம் பாடுபட்டு நீ அந்த வேலைக்குப் போனாய் என்பது எனக்குத் தெரியாதா. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இப்போது பதில் எழுதுகிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி.

முதலில் உனக்கு நன்றி சொல்லிவிடுகிறேன், பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று நீ சிரித்தாலும் பரவாயில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு தையல் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த என்னை, ஒரு வார்த்தை கேட்காமல் சனிக்கிழமை மரவேலை வகுப்பில் பேர் கொடுத்துச் சேர்த்துவிட்டவள் நீ. அறுபத்தொரு வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா என்று உன்னைத் திட்டினேன். துணியை வெட்டின கைக்குக் கட்டையை வெட்டத் தெரியாதா என்று நீ திருப்பிக் கேட்டாய். பின்னறையில் அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய லிஃப்ட் சாமான்களை எடுக்கச் சொல்லி மூன்று நாள் அவரோடு மல்லுக்கு நின்றதும் நீதான். மரவேலைக்கு அந்த அறை மட்டும் எனக்குக் கிடைத்திராவிட்டால் அப்பா படுத்த இந்த ஐந்து மாதத்தில் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

சரி, ஷெட் விஷயத்துக்கு வருகிறேன். மெஷினாக வாங்கிக் குவிக்காதே. முதலில் வேண்டியது கனமான, ஆடாத ஒரு மேசை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கப் போட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் உனக்கு உயரம், மாப்பிள்ளை உயரத்துக்குச் செய்தால் ஒரு மாதத்தில் உனக்குத் தோள் போய்விடும். கட்டையைக் கவ்விப் பிடிக்க மேசையில் ஒரு நல்ல வைஸ் பொருத்திக்கொள். அடுத்து, ஒட்டின பலகைகளை இறுக்கி வைக்கக் கிளாம்ப், நாலு வாங்கு, பசை தடவி முடித்த பிறகுதான் இன்னும் நாலு வேண்டும் என்று தெரியும். ஒரு ரம்பம், ஒரு சின்ன இழைப்புளி, ஒரு மூலைமட்டம், ட்ரில் ஒன்று, கால் அங்குலம் அரை அங்குலம் ஒரு அங்குலத்தில் மூன்று உளி, இவ்வளவு போதும் ஆறு மாதத்துக்கு. உளி வாங்குகிற அன்றைக்கே சாணைக்கல்லும் வாங்கிவிடு, ஏனென்றால் மொண்ணை உளியை அழுத்தித் தள்ளும்போதுதான் அது வழுக்கிக்கொண்டு கையில் ஏறும். என் துணிக் கத்தரியில் காகிதம் வெட்டிவிட்டு நீ வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதல்லவா, உளியையும் அப்படியே கட்டிக் காப்பாற்று. மாப்பிள்ளை அதை எடுத்துப் பெயிண்ட் டப்பா மூடியைத் திறப்பார், பார்த்துக்கொண்டே இரு. பிளக் பாயிண்ட் எல்லாம் மேசைக்கு மேலே இருக்கட்டும், தரையில் ஒயர் ஓடவே கூடாது, மெஷின்களுக்குத் தனி லைன் இழுக்கச் சொல். இங்கே அதையெல்லாம் நம் பக்கத்து வீட்டுக் கப்பல்காரர்தான் செய்து கொடுத்தார், முப்பது வருஷம் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்த மனிதர், ஒயரைக் கட்டுவதில் என்னைவிட நேர்த்தி. விளக்கை உன் இடது பக்கம் வை, அப்போதுதான் கை நிழல் கோட்டின் மேல் விழாது. தூளைத் துடைப்பத்தால் பெருக்காதே, பாதி உன் மூச்சுக்குள்தான் போகும், மாஸ்க் போட்டுக்கொண்டு வேக்குவம் கிளீனரால் எடு. பிளேடு மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி வை. குழந்தை உள்ளே இருக்கும்போது மெஷின் ஓடக் கூடாது, இதில் ஒரு பேச்சுக்கும் இடமில்லை.

என்னைப்போல் கோமாளித்தனமும் பண்ணாதே. தையல்காரி புத்தி எங்கே போகும், முதல் அலமாரிக்கு ஒவ்வொரு பலகையிலும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டினேன். எதற்கு இது என்று வகுப்பு வாத்தியார் கேட்டார். பிற்பாடு பெரிதாக்க வேண்டுமென்றால் பிரித்து விடலாமே என்றேன். மனிதர் சிரித்து முடித்து மூச்சு வாங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அளப்பதற்கும் என் பழைய துணி டேப்பைத்தான் எடுத்துப் போயிருந்தேன், அது இருபது வருஷமாக இழுபட்டு நீண்டு, அளவே எங்கேயோ போயிருந்தது. இரும்பு டேப் வாங்கு, ஒரு வேலை தொடங்கினால் முடிகிறவரை அந்த ஒரே டேப்பால் அள.

இனி அப்பா. ஊரில் பாதி லிஃப்டுகளை ஏற்றி இறக்கிச் சரி பார்த்தவர், தன்னை இன்னொருவர் தூக்கி நிறுத்துவதை அவரால் தாங்க முடியவில்லை. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்ததைவிட அந்த வெட்கம்தான் அவரைப் படுக்கையில் போட்டுவிட்டது. பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிடாமல் அடக்கிக்கொண்டு படுத்திருப்பார், டாக்டர் சத்தம் போட்டும் கேட்கவில்லை. அதற்காகத்தான் படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை சுவரில் ஒரு கைப்பிடிக் கட்டை செய்தேன். அவரை அளக்கவே தேவையில்லை, முப்பத்தைந்து வருஷமாக அவருக்குச் சட்டை தைத்த எனக்குத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இடது கைக்குள் அடங்குகிற மாதிரி உருட்டி இழைத்து மாட்டினேன், தாங்குமா என்று பார்க்கக் கப்பல்காரர் தன் தொண்ணூறு கிலோவோடு அதில் தொங்கியே காட்டினார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினோரு நாள் அதைத் தொடவில்லை. அதற்குள் எனக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. போகும்போது அவர் இடது கைக்குச் சுவர் இருக்கிறது, திரும்பி வரும்போது? அந்த மூளைகூட இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருக்கிறேன். தொடாத மனிதருக்கு இரண்டாவது எதற்கு என்று தோன்றினாலும் எதிர்ச்சுவருக்கும் ஒன்று இழைத்தேன்.

இப்போது எழுதப் போவதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று முதலில் இரண்டு பேரும் முடிவு செய்திருந்தோம். நீ ஷெட்டில் வேலை தொடங்கப் போகிறாய் என்று தெரிந்த பிறகு மறைப்பது பாவம். பன்னிரண்டாம் நாள் காலையில் அந்த இரண்டாவது கட்டைக்கு மெருகேற ஆளிவிதை எண்ணெய் பூசினேன். துடைக்க நல்ல பருத்தித் துண்டு துணி, அதற்கு நம் வீட்டில் என்ன குறைச்சல். துடைத்து முடித்ததும் கை பழக்கத்தில் அந்தத் துணிகளைச் சுருட்டி, மற்ற துண்டுகளோடு பின்னறை மேசைக்கடியில் இருந்த என் துண்டுத்துணிப் பையிலேயே அமுக்கி வைத்துவிட்டேன். எந்தத் தையல்காரி துணியைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடாகும், துணியைச் சுருட்டி வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் நெருப்பே பிடித்துக்கொள்ளும் என்று வாத்தியார் வகுப்பில் சொல்லியிருக்கிறார், நானும் தலையை ஆட்டியிருக்கிறேன். மத்தியானம் மருந்துக் கடைக்குப் போனேன், கூட்டம், முக்கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்தால் வீடு முழுக்கக் காந்தல் நாற்றம், கட்டிலில் அப்பா இல்லை. அந்த நிமிஷம் என் உயிர் என்னிடம் இல்லை, அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வெளியே வெறும் சிமெண்டுத் தரையில் என் துண்டுத்துணிப் பை எரிந்து கரிக்குவியலாகக் கிடந்தது. புகை நாற்றம் வந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. கைத்தடியை வலது முழங்கையில் மாட்டிக்கொண்டு, இடது கையால் கட்டையைப் பிடித்து, பாத்ரூம் வாசல் வரை வந்திருக்கிறார். கட்டை அங்கேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பின்னறை வாசலுக்கு இன்னும் நாலடி. அந்த நாலடியைத் தடியை ஊன்றியே கடந்து, வேலை மேசையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, தடியின் வளைவில் பையைக் கொக்கி போட்டு இழுத்துப் பின்கதவு வழியாகத் தள்ளியிருக்கிறார். வெளிக்காற்று பட்டதும் அது குப்பென்று பிடித்துக்கொண்டதாம். உள்ளே மேசையின் ஒரு கால் மட்டும் கருகியிருக்கிறது, சுற்றிலும் எத்தனை மரம், எத்தனை எண்ணெய் டப்பா. நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவரோ, "அந்த நாலடியை எதுக்குடி விட்டே?" என்று கேட்டார்.

இதுதான் உன் இரண்டாவது கேள்விக்குப் பதில். மறுநாளிலிருந்து தானே எழுந்து போய் வருகிறார், நான் பின்னால் போனால் முறைக்கிறார். எனவே வேலையை விடுகிற பேச்சை விடு, லீவு கிடைக்கும்போது குழந்தையோடு சிரித்த முகமாக வா, போதும். அந்தப் பை வெளியே போனதற்கு, நம் வீடு நின்றதற்கு, அந்தக் கட்டையைச் செய்ய நீ என் கைக்கு ஒரு வேலை கற்றுக்கொடுக்க வைத்ததற்கு, யார் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உன் ஷெட் நல்லபடியாக அமையட்டும், நீ செய்கிற ஒவ்வொன்றும் நேராக நிற்கட்டும், உன் பத்து விரலும் பத்திரமாக இருக்கட்டும். எண்ணெய்த் துணியை மட்டும் ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் காயப்போடு, விறைத்துக் காய்ந்த பிறகு எறி. இதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டு.

மீதி நாலடிக்குக் கட்டை இழைத்தாயிற்று, உப்புத்தாள் தேய்ப்பதுதான் பாக்கி. விழுந்த கையின் விரலுக்கு வலு வர ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லி வருகிற பயிற்சிக்காரப் பெண், நாலு மாதமாகக் கெஞ்சியும் அந்தப் பந்தை இவர் ஒரு தடவை தொட்டதில்லை. இதை எழுதும்போது பின்னறையிலிருந்து தேய்க்கிற சத்தம் வருகிறது, கொஞ்சம் தேய்க்கிறது, நின்றுவிடுகிறது, மறுபடியும் தேய்க்கிறது. எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் வந்துவிட்டேன். வலது கையால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

என்றும் உன்மேல் உயிராக இருக்கும்
அம்மா