உன் ராணி, என் குருமார்கள்

அன்பு மாப்ளே அந்தோணிக்கு,

நீ போய் நாலு மாசம் ஆச்சு. உன் மேசையில புதுசா ஒரு வாத்தியார் உக்காந்திருக்கார். நல்ல மனுசன்தான், ஆனா என்கூடச் சண்டை போட மாட்டேங்கிறார். நான் எதைச் சொன்னாலும் "ஆமா சார்" என்கிறார்.

உனக்கு ஒரு சேதி சொல்லணும். நம்ம புத்தகம் அச்சுக்குப் போற நேரத்துல வில்லங்கம் வந்திருச்சு. நாலு பேருக்கும் தெரியட்டும்னுதான் இதை ஒளிக்காம எழுதுறேன். அந்த நாலு பேருக்காக உனக்குத் தெரிஞ்ச கதையையே மறுபடி சொல்லப்போறேன், பொறுத்துக்கோ.

சாத்தூர்ல ஒரே கல்லூரியில ரெண்டு வகுப்புக்கு நாம இங்கிலாந்து வரலாறு நடத்தினோம். நான் சீர்திருத்தச் சபைக்காரன், நீ ஆர்.சி. கத்தோலிக்கன். எங்க சபையை இங்கிலாந்துல நிலைநாட்டின முதலாம் எலிசபெத் ராணி என் வகுப்புல தேவதை, உன் வகுப்புல பேய். ஒருநாள் எம். புதுப்பட்டிப் பிள்ளை ஒருத்தி, லீவு நாள்ல பட்டாசு கம்பெனிக்கு வேன் ஏறிப் போறவ, ரெண்டு வகுப்பு நோட்டையும் கையில வச்சுக்கிட்டு நம்ம முன்னால வந்து நின்னா. "சார், ரெண்டு பேரும் ஒரே ராணியைத்தான் சொல்றீகளா?" நமக்கு முகத்தை எங்கன கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியலை.

அன்னைக்கு நீ போட்ட ஒப்பந்தம்தான் இந்தப் புத்தகம். தமிழ்ல படிக்கிற பிள்ளைகளுக்கு ஒழுங்கா ஒரு பாடநூல். ராணியோட நியாயத்தை ஆர்.சி.க்காரன் நீ எழுதணும். அவ ஆட்சியில தூக்குல தொங்கின கத்தோலிக்கக் குருமார்களோட கதையை நான் எழுதணும். "ஏலே சாமுவேலு, அவன் அவன் வீட்டுப் பெருமையை அவன் அவன் பேசுனா அதுக்கு வரலாறுன்னா பேரு?" என்று சிரிச்சியே!

நீ எழுதினதைப் படிச்சு நான் பொறாமைப்பட்டிருக்கேன், இப்ப ஒத்துக்கிறேன். இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் ஸ்பெயின், நடுவுல சின்ன நாடு. பொண்ணு கேட்டு வர்ற ராஜாக்களுக்கு ஆமான்னும் சொல்லாம இல்லைன்னும் சொல்லாம, பிடி கொடுக்காமலே வருசக்கணக்கா இழுத்தடிச்சா பாரு, அதை நீ எழுதின மாதிரி எங்க ஆளுக ஒருத்தரும் எழுதலை. திருவிருந்துல அப்பம் கொடுக்கும்போது சொல்ற வார்த்தையில பழைய கத்தோலிக்கக் கட்சிக்கு ஒரு வரி, புதுச் சீர்திருத்தக் கட்சிக்கு ஒரு வரின்னு ரெண்டையும் அவ சேர்த்துத் தைச்சதையும் நீதான் எனக்குக் காட்டினே. என் சபை வரலாறு எனக்கே தெரியலை, போ.

உன் அடக்கப் பூசையில எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போனாக. வேற சபைக்காரனுக்கு அது கிடையாதே, நான் மட்டும் பெஞ்சுல உக்காந்திருந்தேன். நானூறு வருசத்துக்கு மேல ஆகியும் நமக்கு ஒரு வரி தைக்க யாருமில்லையேன்னு அழுதேன், மாப்ளே. வெக்கப்படாமச் சொல்றேன்.

நீ உன் கடைசி அத்தியாயத்தை முடிக்கலை. ஸ்பெயின் கப்பல் படை கிளம்பி வர்ற இடத்துல உன் நோட்டு நின்னுபோச்சு. உன் சம்சாரம், எனக்குத் தங்கச்சியான மேரி அதை எடுத்துக் கொடுத்து, "நீங்களே முடிச்சிருங்கண்ணே" என்றாள். நானும் உக்காந்தேன். பேனா எடுத்ததும் ஞாயிறு பள்ளியில கேட்டதெல்லாம் பொங்கி வந்துருச்சு. கடவுளே புயல் காத்தை ஏவி, ஸ்பெயின் கப்பல்களை முக்கி, ராணியோட சபையைக் காப்பாத்தினார்னு எழுதி, அன்னைக்கே மேரிகிட்ட வாசிச்சும் காட்டிட்டேன்.

ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தவ பையைக் கீழே வச்சுட்டா. "முங்கிச் செத்தவன் கையிலயும் செபமாலை இருந்திருக்கும்லண்ணே? அவனும் அதே கடவுளைத்தானே கூப்பிட்டிருப்பான்? இதை அவுக எழுதியிருக்க மாட்டாக."

எழுதின வரியை அடிச்சுட்டேன். காத்தைக் காத்தாவே விட்டுட்டேன். இங்கிலாந்துக் கப்பல்லயும் வெடிமருந்து தீர்ற நிலைமை வந்ததை எழுதினேன். வகுப்புல அதைச் சொன்னப்போ நம்ம பிள்ளைக டக்குன்னு நிமிர்ந்து உக்காந்துச்சுக. மருந்து இல்லாத கப்பல்னா என்னன்னு பட்டாசு ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் விளக்கணுமா?

வில்லங்கம் அதுக்கப்புறம்தான். சிவகாசியில அச்சடிச்சுத் தர்றேன்னு வாக்குக் கொடுத்த அச்சகக்காரர் எங்க சபை மூப்பர். முழுசும் படிச்சுட்டுக் கூப்பிட்டு விட்டார்.

"சார், குருமார்களைத் தூக்குல போட்டதை மட்டும் எடுத்துருங்க. நம்ம ராணியைப் பத்தி நாமளே இப்படி எழுதலாமா?"

"நம்ம ராணியா? அவ என்னைக்குய்யா சாத்தூர் பஸ்ல ஏறினா?"

அவர் சிரிக்கலை. "அந்தோணி சாரும் போயிட்டாக. இனி யாரு வந்து கேக்கப்போறா?"

அந்த ஒரு வார்த்தைதான் மாப்ளே, என் மண்டைக்குள்ள ஏறிருச்சு. செத்தவன் கேக்கமாட்டான்கிற தைரியத்துல பேசின பேச்சு அது. அவர் மேலகூட எனக்கு அம்புட்டுக் கோவம் இல்லை. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், எடுத்துட்டா வேலை முடிஞ்சிருமேன்னு நானும் நினைச்சேன். அதுக்காக என்மேலதான் கோவம்.

அந்த அத்தியாயத்தை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்? போப்பாண்டவர் அவளைத் திருச்சபையை விட்டு விலக்கி வச்சார், ஸ்பெயின் மிரட்டுச்சு, வெளியில பயம் கூடக்கூட உள்ளூர்ல கயிறு இறுகுச்சு. கத்தோலிக்கப் பூசை வச்சவனெல்லாம் எதிரியோட ஒற்றன்னு ஆயிட்டான். அதைச் சொல்லாம அவ வெளிநாட்டுச் சாமர்த்தியத்தை மட்டும் பாடினா அந்தப் பிள்ளை மறுபடியும் நோட்டைத் தூக்கிக்கிட்டு வருவா. எந்த முகத்தோட பதில் சொல்ல?

கையெழுத்துத் தாள் கட்டைத் திரும்ப வாங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்துட்டேன். மறுவாரமே மூப்பர் புண்ணியத்துல எங்க கோயில்ல வேதபாடம் வாசிக்கிற பட்டியல்ல என் பேரைக் காணோம். இருபது வருசமா வாசிச்ச வாய் சும்மா இருக்கு. வலிக்காமலா இருக்கும்? வலிக்குது. ஆனாலும் முதல் பெஞ்சுலதான் உக்காருறேன், எந்திரிச்சுப் போகலை. அது என் கோயில்டா.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்ன அச்சகம் ஒண்ணு ஒத்துக்கிச்சு. முருகன் படத்துக்குப் பக்கத்துல உக்காந்திருந்த முதலாளி, "ராணியோ குருவோ எனக்கென்ன சார், காலண்டர் சீசன் சூடு பிடிக்கிறதுக்குள்ள மேட்டரைக் கொடுத்துருங்க" என்றார். நாளைக்குக் காலையில கொண்டுபோறேன். மேரியும் லீவு போட்டு வர்றேன்னுட்டா. நான் வழியில எதையாவது உருவிருவேன்னு பயம்போல!

சத்தியமாச் சொல்றேன், அந்தோணி. என் அத்தியாயத்துல ஒரு எழுத்துக் குறையாது. உன் அத்தியாயத்துல எங்க சபைப் பெருமை ஒரு வரிகூட நுழையாது. நீ எதிர்ல உக்காந்து கண்ணை உருட்டும்போது உன் பக்கத்து நியாயத்தைப் பேசுறது எனக்குப் பெரிய காரியமே இல்லை. நீ இல்லாதப்பவும் பேசணும், அதுக்குத்தானே ஒப்பந்தம் போட்டோம்?

உன் பக்கம் நின்னு பேசுற
உன் மச்சான்,
சாமுவேல்