தேவகி மகளுக்குக் கேசரி

ஆடி மாதம், சனிக்கிழமை ராத்திரி

இன்று திருப்பதி ஆஸ்பத்திரியில் என் மகள் பவானியின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொடுத்தார்கள். சர்க்கரை இன்னும் வரவில்லையாம். ஆனால் உடம்பு குண்டாக இருப்பதால் ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறதாம். இப்போதே தெரிந்ததால் தடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. "இவ அப்பா சர்க்கரையில போனாரே, அவர் கூடப்பிறந்தவங்க பிள்ளைங்க குண்டா இருந்தா அவங்களுக்கும் ரத்தம் பார்க்கணும், கூட்டிட்டு வாம்மா" என்றார்.

வீடு திரும்பினால் வாசலிலேயே என் நாத்தனார் தேவகி. அவள் மகளோ என் பவானியைவிடக் குண்டு.

"இன்னா அண்ணி, டாக்டரு இன்னா சொன்னாங்கோ?"

"ஒண்ணும் இல்லியாம்."

"நான் அப்பவே சொல்லல? எங்க அண்ணன பட்டினி போட்டுக் கொன்ன மாதிரி இத்தையும் கொன்னுடாத."

என் வீட்டுக்காரர் செத்த அன்றும் ஊர் முன்னால் இதையேதான் சொன்னாள். அவர் கண்ணில் படாமல் நான் இனிப்பை மறைத்துவைத்ததற்கு அந்தப் பெயர்.

ராத்திரி தேவகி கேசரி கிண்டிக் கொண்டுவந்தாள். பவானிக்கு வேண்டாம் என்றேன். தேவகி மகள் தட்டை நீட்டியது. நானே அள்ளி வைத்தேன்.

"எங்கம்மாவவிட நீதான் அத்தே நல்லவ" என்றது.

இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.