படத்தில் எழுதிய கோயில்

என் மகள் தலவாக்கலையில் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் வீட்டுப் படம் போடுகிறாள். நேற்றுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரிலிருந்து ஓர் அம்புக்குறியை இழுத்து, அதன் வாலில் 'குசினி' என்று தட்டினாள். மறுகணமே அதை அழித்து 'அறை' என்றாக்கினாள். "இவ்வளவுதானா?" என்றேன். "வேற என்னப்பா?" என்றாள். எனக்கு உங்கள் பிளேடு ஞாபகம் வந்துவிட்டது, சார்.

கண்ணாடி மாதிரியான தாளில் மையால் எழுதுவீர்கள். ஓர் எழுத்து பிசகினால், தாள் கிழியாமல் சுரண்டி எடுக்க அரை மணி நேரம். மூச்சுக்கூட விடமாட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று தும்மப் போவதுபோல் பாசாங்கு செய்வேன். மன்னித்துவிடுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லொறிக் கொட்டகை கட்ட, இடத்தை அளந்து படம் போட உங்களை அனுப்பியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிற வேலை. கொட்டகை வரவிருந்ததோ எங்கள் பீலிக்கரையில். மலைத்தண்ணீர் கொட்டும் அந்த இடம் போனால், லயத்து வீடுகளின் பெண்கள் கீழே ஆற்றுக்குத்தான் குடம் தூக்க வேண்டும்.

அங்கிருந்த பெரிய கல்லில் நீங்கள் கால் வைத்தீர்கள். என் வாய் சும்மா இருக்குமா?

"ஐயோ சார், அது முனியாண்டி! காலை எடுங்க!"

மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரரான நீங்கள் துள்ளிக் குதித்ததைப் பார்த்து பீலியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் நீங்கள் அதை நம்பி, அம்புக்குறி போட்டு, இங்கிலீஷில் 'கோயில்' என்று எழுதிவிட்டது எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்த தோட்டத் துரை, கோயிலில் கை வைத்தால் ஆட்கள் வேலைக்கு இறங்கமாட்டார்கள் என்று கொட்டகையை வேறு பக்கம் மாற்றிவிட்டார்.

பத்து நாள் கழித்து நீங்கள் வந்தபோது, அந்தக் கல்லில் லெட்சுமி அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"முனிக்கு அபிஷேகம் சார்."

நீங்கள் சிரிக்கவில்லை. "நான் எழுதினதுல ஒரு எழுத்து பொய் இருந்ததில்ல. தொரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்" என்றீர்கள்.

அக்கா ஈரத்துணியோடு நிமிர்ந்து, "அதைச் சுரண்டிட்டீங்கன்னா கொட்டகை திரும்ப இங்கதானே வரும், சார்?" என்று கேட்டது. நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். அந்த வாரம் முழுக்க நான் யாரையும் கேலி செய்யவில்லை. என் ஆயுளில் அது ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்தீர்கள். பையில் சூடம், வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம்.

"படத்தை மாத்தமாட்டேன். வாப்பா, இடத்தை மாத்துவோம்."

பீலிக்கு மேலே மண்ணைத் தோண்டி, நீளக் கல் ஒன்றை இருவருமாக நட்டோம். சூடம் நான் ஏற்றினேன். நீங்கள் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டீர்கள்.

இன்று அந்தக் கல்லுக்குத் தகரக் கூரை உண்டு, ஆடியில் பொங்கல் உண்டு. நேர்த்தி பலித்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு. அன்று சிரித்தவர்கள் யாரும் இப்போது இல்லை. நானும் வாயைத் திறந்ததில்லை.

நீங்கள் இறந்துபோன செய்தி மூன்று மாதம் பிந்தித்தான் எனக்கு வந்தது. அன்றைக்கே முனியாண்டி கோயிலுக்குப் போய் ஒரு சூடம் ஏற்றச் சொன்னேன். "யார் பேருக்கு?" என்றார் பூசாரி.

"இந்தக் கோயிலைக் கட்டின வேதக்காரருக்கு" என்றேன்.

"ஒனக்கு எப்பவும் வெளையாட்டுதான்" என்று சிரித்துக்கொண்டே ஏற்றினார்.