காலையில் மட்டும் மீத்தேன்

ஜனவரி 20, திங்கள்

ஆராய்ச்சி நிலையத்தின் மொட்டை மாடியில் நானும் ஸ்பெக்ட்ரோமீட்டரும். வேலை எளிது. சூரிய வெளிச்சம் காற்றைக் கடந்து வரும்போது மீத்தேன் அதில் எந்த அலைநீளங்களை எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டியது. அதிலிருந்து மீத்தேன் எவ்வளவு என்று கணக்கிட வேண்டியது. அம்மா நாகர்கோவிலிலிருந்து கேட்கிறாள், "வெயில்ல நிக்கதுக்கா இவ்வளவு படிச்ச?"

ஒரு வாரமாகக் காலையில் மட்டும் மீத்தேன் எகிறுகிறது. மதியத்துக்குமேல் நல்ல பிள்ளை.

ஜனவரி 22

பிடித்துவிட்டேன். காலையில் சூரியன் கிழக்கே. கிழக்கே என்ன? கேன்டீன். அதன் பின்னால் சாப்பாட்டு மிச்சத்திலிருந்து கேஸ் எடுக்கும் தொட்டி. டைரக்டர் போன மாதம் ரிப்பன் வெட்டிய பசுமைச் சாதனை. சாதனை ஒழுகுகிறது!

எங்கள் பிரிவுத் தலைவர் வெங்கடேஸ்வரன் சாரிடம் காட்டினேன். வெகுநேரம் வரைபடத்தையே பார்த்தார். "காலை டேட்டாவ இப்போதைக்கு விட்டுடுங்கோ. வெள்ளிக்கிழமை டெல்லிலேர்ந்து கமிட்டி வரா."

என்ன வீரம்! தினமும் சூரியனை அளக்கிறவருக்கு டைரக்டரைக் கண்டால் கண் கூசுகிறது.

ஜனவரி 24, வெள்ளி



டீ குடிக்கப் போனேன். சமையல் பண்ணுற உலகம்மை அக்கா தொட்டிப் பக்கத்துல ஊதுபத்தி கொளுத்துறாங்க. "நாத்தம் தாங்கல மோளே. கமிட்டி வருதுல்லா?"

ஐயோ! பிடுங்கி வாளித் தண்ணில போட்டேன். அடுப்பெல்லாம் அணைச்சு, எல்லாரையும் வெளிய விரட்டினேன். டெல்லிக்காரங்களுக்கு மதியச் சாப்பாடு போச்சு.

டைரக்டர் வந்து நின்றார். "ஆரா பறஞ்ஞது அடைக்கான்?" கேன்டீனை மூடச் சொன்னது யார் என்று மலையாளத்தில்.

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து, "நான்தான் சொன்னேன். தொட்டி லீக் ஆறது. டேட்டா ரெண்டு நாளா என்கிட்டதான் இருக்கு."

வெங்கடேஸ்வரன் சார்! குரல் தந்தியடிக்குது, சட்டை நனைஞ்சிருக்கு. ஆனால் கமிட்டி முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஏன்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

ஜனவரி 29

தொட்டி மூடியில் விரிசலாம். அடைத்துவிட்டார்கள். காலையும் மதியமும் ஒரே அளவு.

பிப்ரவரி 3, திங்கள்

பிரிவுக்குப் புதிய தலைவர். சாருக்குக் கீழ்த்தளத்தில், பழைய நாற்காலிகள் போடும் அறைக்குப் பக்கத்தில் இடம். ஜன்னல் கிடையாது. ஆயுசு முழுக்க வெயிலை அளந்தவருக்கு நிர்வாகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அறை. ரசனை இருக்கிறது.

அவருடைய புத்தகக் கட்டுகளை நான்தான் தூக்கிப் போனேன்.

"குளுமையா இருக்கு, இல்லையா?" என்றார்.

கேலியாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். "ஆமா சார்" என்றுதான் வந்தது.